மறையுமுன் பதிவு
எல்லைப்புறச் சிறு கட்டட ஒப்பந்தக்காரரும் தகவல் தொழில்நுட்பமும்

கட்டட வேலைக்கு மற்றத் தொழில்களுக்கு இல்லாத ஒரு தன்மை உண்டு. அதில் ஒவ்வொரு வேலையும் தனக்கு முந்தின வேலையை மறைத்துவிடுகிறது. அஸ்திவாரத்தை மண் மூடுகிறது. கம்பியைக் கான்கிரீட் மூடுகிறது. செங்கல்லைப் பூச்சு மூடுகிறது. பூச்சைச் சுண்ணாம்பு மூடுகிறது. நெசவாளர் தாம் நெய்த துணியை எப்பொழுது வேண்டுமாயினும் விரித்து அளந்து காட்டலாம். உழவர் அறுத்த நெல்லை மீண்டும் மீண்டும் அளக்கலாம். கட்டடம் கட்டுபவரோ, இடித்துப் பார்த்தாலன்றிக் காண முடியாத வேலைக்குக் கணக்குக் காட்டிப் பணம் பெற வேண்டியவராக இருக்கிறார்.

பெரிய ஸ்தாபனங்களில் இதற்கெனப் பொறியாளரும் கணக்கரும் உண்டு. பத்துப் பதினைந்து ஆட்களை வைத்துக்கொண்டு வீடும், மதிலும், பள்ளிக்கூடத்துச் சமையற்கூடமும் கட்டித் தரும் சிறு ஒப்பந்தக்காரரிடம் நெடுங்காலமாக இருந்துவந்த சாதனங்கள் இரண்டே: சட்டைப்பையில் ஒரு குறிப்புப் புத்தகம், தலைக்குள் ஞாபகம். இன்று மூன்றாவதாக ஒரு சாதனம் அவர் கையில் இருக்கிறது. அது கைப்பேசி. படம் எடுக்கவும், கணக்குப் போடவும், இருக்கும் இடத்தைக் காட்டவும், எழுதியதை நொடிப்பொழுதில் இன்னோர் ஊருக்கு அனுப்பவும் வல்ல அந்தச் சாதனம், பெரும்பாலும் பேசுவதற்கு மட்டுமே உபயோகமாகிறது.

தகவல் தொழில்நுட்பம் என்றவுடன் விலையுயர்ந்த கணிப்பொறிகளையும் வெளிநாட்டு மென்பொருள்களையும் பலர் எண்ணிக்கொள்கின்றனர். சிறு ஒப்பந்தக்காரரைப் பொறுத்தவரை அதன் சாரம் மிக எளியது: மறைந்துவிடப் போகும் ஒன்றை, மறைவதற்கு முன், அளந்தவரே, அளந்த இடத்திலேயே பதிவு செய்தல். இந்த ஒரு பழக்கம் கைவந்தால் மற்றவை யாவும் அதைத் தொடர்ந்து வரும். இது இல்லையெனில் எந்த யந்திரமும் பயன் தராது.

எல்லையின் இரு நிலங்கள்

பாலக்காடு, இடுக்கி என்னும் இரு கேரள மாவட்டங்களும் தமிழ்நாட்டை ஒட்டியவை. ஆயினும் ஒன்றையொன்று தொடுவன அல்ல. பாலக்காட்டு எல்லையில் வாளையார், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய ஊர்கள் உள்ளன. இவ்வூர்களின் வாணிபம் கோயம்புத்தூர், பொள்ளாச்சிச் சந்தைகளோடு பின்னிக் கிடக்கிறது. 1956 நவம்பர் 1 வரை பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை ராஜ்யத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இடுக்கி 1972 ஜனவரி 26 அன்று தனி மாவட்டமாயிற்று. அதன் எல்லை வாயில்களாகிய குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகியவை தேனி மாவட்டத்தை நோக்கியிருக்கின்றன; மறையூர்ச் சாலை உடுமலைப்பேட்டைக்கு இறங்குகிறது.

இரு நிலங்களும் கட்டுபவருக்கு வெவ்வேறு சோதனைகளை வைக்கின்றன. கேரளத்தில் அரிதாகிய கரிசல் மண் சித்தூர் வட்டத்தில் காணப்படுகிறது. அது நீர் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். போதிய ஆழத்தில் அஸ்திவாரம் இடாத வீட்டில் சில ஆண்டுகளுக்குள் சுவர் பிளப்பதற்கு இதுவே காரணம். இடுக்கியிலோ சமநிலம் கிடைப்பது அருமை. மலைச்சரிவை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் நிரப்பி, தாங்குசுவர் எழுப்பிய பின்னரே வீட்டுக்கு இடம் உண்டாகிறது. இரண்டிடங்களிலும் கட்டடத்தின் ஆயுளை நிர்ணயிப்பது மண்ணுக்குக் கீழே மறைந்திருக்கும் வேலையேயாகும்.

மொழியும் இங்கு ஒரு பிரச்சினை. கொத்தனார் தமிழில் கணக்குச் சொல்கிறார். பஞ்சாயத்துக் காரியாலயத்தின் கடிதம் மலையாளத்தில் வருகிறது. ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வங்கம், ஒடிசா, அஸ்ஸாம் ஆகிய ராஜ்யங்களிலிருந்து வந்த தொழிலாளர் தத்தம் மொழியில் பேசுகின்றனர். ஞாபகத்தை மட்டும் நம்பி நடைபெறும் வேலை இத்தனை மொழிகளைக் கடந்து செல்லும்பொழுது பிழை நேர்வது இயல்பு. எண் ஒன்றே இவர்கள் அனைவருக்கும் பொதுவான மொழி.

அளவு ஒன்று, அலகு பல

அந்த எண்ணிலும் குழப்பம் இல்லாமல் இல்லை. லாரிக்காரர் மணலையும் ஜல்லியையும் ‘யூனிட்’ கணக்கில் விற்கிறார். கொத்தனார் பூச்சு வேலையைச் ‘சதுரம்’ கணக்கில் பேசுகிறார். நிலத்தின் சொந்தக்காரர் ‘சென்ட்’ என்கிறார். அரசாங்க மதிப்பீடோ கன மீட்டரிலும் சதுர மீட்டரிலும் இருக்கிறது. 1 யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 1 சதுரம் என்பது 100 சதுர அடி, அதாவது 9.29 சதுர மீட்டர். 1 சென்ட் 40.47 சதுர மீட்டருக்குச் சமம். 10 கன மீட்டர் ஜல்லி தேவைப்படும் வேலைக்கு 3 யூனிட் போதும் என்று மனக்கணக்காகச் சொல்பவர், உண்மையில் அரை யூனிட்டுக்கு மேல் குறைவாக வரவழைக்கிறார்.

மணலில் வேறொரு மறைவும் உண்டு. சிறிதளவு ஈரம் ஏறிய மணலின் துகள்கள் நீர்ப்படலத்தால் விலகி நிற்பதால், அதன் பருமன் 20 முதல் 30 விழுக்காடு வரையிலும் உப்பக்கூடும். மழைக்காலத்தில் லாரி நிறைய வந்திறங்கும் மணல், காய்ந்த மணலின் அளவைக் கொண்டிராது. வந்த நாள், லாரியின் உட்பெட்டி அளவு, மணல் ஈரமா உலர்ந்ததா என்பவற்றைக் குறித்து வைப்பவர் மட்டுமே கலவையின் விகிதம் மாறியதற்குக் காரணம் காண முடியும்.

இவ்விடத்தில் கைப்பேசியிலுள்ள அட்டவணைக் கணக்கு பெருந்துணை புரிகிறது. இத்தகைய மின் அட்டவணை 1979-இல் ‘விசிகால்க்’ என்னும் பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒரு கட்டத்தில் உள்ள எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாக் கட்டங்களும் தாமாகவே மாறுவது அதன் சிறப்பு. எடுத்துக்காட்டாக, சிமெண்டின் மீதான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வரியின்றி மூட்டை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூட்டைக்கு 30 ரூபாய் குறைகிறது; 500 மூட்டை தேவைப்படும் வீட்டில் அது 15,000 ரூபாய். வரி விகிதத்தை ஒரே கட்டத்தில் எழுதி வைத்தவர் அந்த ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். பழைய மதிப்பீட்டை ஒவ்வொரு வரியாகத் திருத்துபவர் ஏதேனும் ஒரு வரியை விட்டுவிடுவார்.

மண்ணுக்குள் போன சுவர்

பதிவின்மையால் நேரும் நஷ்டம் எத்தகையது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். மலைச்சரிவில் 24 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள கருங்கல் தாங்குசுவர் ஒன்று கட்டப்படுகிறது. அடியில் அதன் அகலம் 1.2 மீட்டர், மேலே 0.6 மீட்டர், சராசரி 0.9 மீட்டர். ஆகவே வேலையின் கன அளவு 43.2 கன மீட்டர். சுவர் எழுந்தவுடன் பின்புறம் மண் நிரப்பப்படுகிறது. சில வாரங்கள் கழித்து அளக்க வருபவருக்கு மேல் அகலமாகிய 0.6 மீட்டர் மட்டுமே தெரிகிறது. அதைக் கொண்டு அவர் கணக்கிட்டால் கிடைப்பது 28.8 கன மீட்டர். செய்த வேலையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 14.4 கன மீட்டர், மண்ணுக்குள் போய்விட்டது. ஒப்பந்தக்காரர் பொய் சொல்லவில்லை. அளப்பவரும் அநீதி செய்யவில்லை. சான்று ஒன்றே இல்லாமற் போயிற்று. இத்தகைய நஷ்டம் ஒப்பந்தக்காரரோடு நின்றுவிடுவதில்லை. சனிக்கிழமைக் கூலியில் அது வெளிப்படும்.

பின்புறம் மண் போடுவதற்கு முன் நான்கு படங்கள் எடுத்திருந்தால் இந்நிலை நேராது. ஆயினும் எந்தப் படமும் சான்றாகிவிடாது. படத்திற்குள் அளவுநாடாவோ அளவுக்கோலோ சுவரை ஒட்டி விரித்துக் காட்டப்பட்டிருத்தல் வேண்டும். அருகில் ஒரு சிலேட்டில் தேதியும், இடமும், வேலையின் பெயரும் சாக்குக்கட்டியால் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஒரு படம் முழுச் சுவரையும், அசையாத ஓர் அடையாளத்தையும், உதாரணமாக ஒரு மரத்தையோ மின்கம்பத்தையோ, சேர்த்துக் காட்டுதல் வேண்டும். கைப்பேசி குறிக்கும் இருப்பிடத்தில் திறந்த வெளியிலேயே ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிழை இருக்கக்கூடும். மலையிடுக்கிலும் மரநிழலிலும் அது மிகும். ஆகையால் இருப்பிடக் குறிப்பை மட்டும் நம்புதல் ஆகாது. எடுத்த படத்தை அன்று மாலையே வீட்டுக்காரருக்கோ மேற்பார்வையாளருக்கோ அனுப்பிவிடுவது நலம். இருவரிடமும் உள்ள பதிவை ஒருவர் பின்னர் மாற்ற இயலாது.

கம்பி வேலைக்கும் இதே முறை பொருந்தும். கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பிகளின் எண்ணிக்கை, இடைவெளி, விட்டம் ஆகியவற்றைப் படமாக்கலாம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, தன்னாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோகிராம் என்பது கிடைக்கும். 12 மில்லிமீட்டர்க் கம்பிக்கு இது 0.889 கிலோகிராம். 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி 10.67 கிலோகிராம் இருத்தல் வேண்டும். தொழிலில் பழகிய மேஸ்திரிகள் அறிந்த இச்சூத்திரத்தை அட்டவணையில் ஒருமுறை எழுதிவிட்டால், வந்திறங்கிய கம்பியின் எடையைச் சீட்டோடு உடனே ஒப்பிடலாம்.

நாள் காக்கும் சாதனம்

கான்கிரீட்டில் மறைந்திருக்கும் மற்றொன்று அதன் வயது. பார்வைக்கு மூன்றாம் நாள் தளமும் பதினான்காம் நாள் தளமும் ஒன்றுபோலவே இருக்கும். வலிமையோ வேறு. இந்தியத் தர நிர்ணயம் 456, அதன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், சாதாரணச் சிமெண்டினால் செய்த கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமெண்டாயின் குறைந்தது 10 நாளும் நீராற்ற வேண்டும் என்கிறது. தளத்தின் இடைத்தூரம் 4.5 மீட்டர் வரை இருந்தால் முட்டுகளை 7 நாளுக்குப் பின்னும், அதற்கு மேற்பட்டால் 14 நாளுக்குப் பின்னும் எடுக்கலாம். உத்தரத்தின் இடைத்தூரம் 6 மீட்டருக்கு மேற்பட்டால் 21 நாள் காத்திருத்தல் வேண்டும்.

சிறு ஒப்பந்தக்காரருக்கு முட்டுகள் வாடகைப் பொருள். ஒரு நாள் முன்னதாக எடுத்தால் ஒரு நாள் வாடகை மிச்சம். நான்கு இடங்களில் வேலை நடக்கும்பொழுது எந்தத் தளம் எந்த நாளில் போடப்பட்டது என்பது மறந்துபோகிறது. மறதியும் அவசரமும் சேரும் இடத்தில் தளம் இடிந்து ஆள் சாகிறான். கைப்பேசியின் நாட்காட்டியில் கான்கிரீட் போட்ட அன்றே ‘முட்டு எடுக்கும் நாள்’ என்று குறித்துவிட்டால், அது உரிய காலையில் தானே ஞாபகப்படுத்தும். இதற்குப் பணச் செலவு இல்லை. கற்கவும் கால் மணி நேரம் போதும். உயிர் காக்கும் தகவல் தொழில்நுட்பம் இவ்வளவு எளிதாகவும் இருக்கலாம்.

தொழிலாளரின் நாட்கள்

சுவரைவிட விரைவாக மறைவது தொழிலாளரின் வேலை நாள். மாலையில் கூலி வாங்கியதும் அந்த நாளுக்கு அடையாளம் ஏதும் எஞ்சுவதில்லை. ஆனால் அந்த அடையாளத்திற்கு மதிப்பு உண்டு. கட்டடத் தொழிலாளருக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம், 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர் முந்தின 12 மாதங்களில் 90 நாட்களேனும் வேலை செய்திருந்தால் நலத்திட்டப் பயனாளியாகப் பதிவு பெறலாம் என விதித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த 90 நாள் நிபந்தனையைக் கொண்டுள்ளது. அமைப்பு சாராத் தொழிலாளருக்கென 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற இ-ஷ்ரம் பதிவேடு ஒவ்வொருவருக்கும் 12 இலக்க எண் ஒன்றை அளிக்கிறது.

எல்லைப்புறத் தொழிலாளியின் நிலை இங்குச் சற்றுக் கடினமானது. அவர் காலையில் பொள்ளாச்சிப் பக்கத்திலோ கம்பம் பக்கத்திலோ இருந்து வந்து, மாலையில் திரும்புகிறார். ஒரு மாதம் கேரளத்தில் வேலை. மறு மாதம் தமிழ்நாட்டில் வேலை. ஐந்து ஒப்பந்தக்காரரிடம் 20 நாள் வீதம் 100 நாள் உழைத்திருந்தும், 90 நாளுக்குச் சான்று காட்ட இயலாமல் அவர் நிற்கக்கூடும். ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவரும் வருகைப் பட்டியலைக் கைப்பேசியில் வைத்து, வார முடிவில் அவரவர் நாட்களையும் கூலியையும் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அந்தச் செய்திகளே அவருடைய உழைப்பின் தஸ்தாவேஜாக அமையும். 2016-இல் அறிமுகமான யு.பி.ஐ. முறையில் கூலி செலுத்தினால் வங்கிக் கணக்கிலும் அதன் சுவடு தங்கும்.

இதில் எச்சரிக்கை ஒன்றும் தேவை. ஆதார் அட்டைப் படங்களையும் வங்கி எண்களையும் கைப்பேசியில் குவித்து வைப்பது அபாயகரமானது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென இந்திய அரசு 2023-இல் சட்டம் இயற்றியுள்ளது. பெயர், நாள், கூலி ஆகிய மூன்றும் வருகைப் பட்டியலுக்குப் போதும். பதிவு தொழிலாளிக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டுமேயன்றி அவரைக் கட்டும் கயிறாக ஆகிவிடலாகாது.

சாவடியும் மின்வழிச் சீட்டும்

வாளையார் என்றவுடன் ஒரு காலத்தில் நினைவுக்கு வந்தது லாரிகளின் நீண்ட வரிசை. 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபொழுது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. 2018 ஏப்ரல் 1 முதல், ராஜ்யம் விட்டு ராஜ்யம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கிற்கு மின்வழிச் சீட்டு அவசியமாயிற்று. அதே மாதம் 15 முதல் கேரளத்திற்குள் செல்லும் சரக்கிற்கும் இம்முறை வந்தது. சாவடியில் காகிதத்தைக் காட்டி நிறைவேறிய காரியம், சரக்கு புறப்படும் முன்னரே கணிப்பொறியில் நிறைவேற வேண்டியதாயிற்று.

சிறு ஒப்பந்தக்காரர் இதை வணிகரின் வேலை என்று விட்டுவிடுவதுண்டு. ஆயினும் அந்தச் சீட்டில் அவருக்குப் பயனுள்ள செய்தி இருக்கிறது: என்ன பொருள், எவ்வளவு, எந்த நாள், எந்த வண்டி. கேரளத்தில் கனிமப் பொருள்களுக்கான அனுமதியும் ‘கொம்பாஸ்’ என்னும் இணையவழி முறையில் வழங்கப்படுகிறது. சீட்டு ஒவ்வொன்றையும் வந்த அன்றே படம் எடுத்து, வேலையின் பெயரில் தனித்தனி அடைவில் சேர்த்து வைத்தால், மாத முடிவில் சட்டைப்பைகளைத் துழாவும் சிரமம் நீங்கும். அத்துடன், எந்த வேலையில் எவ்வளவு சிமெண்டு செலவாயிற்று என்பதும், எங்கு வீணாயிற்று என்பதும் புலப்படும்.

மலை அறிவிக்கும் செய்தி

இடுக்கியில் பதிவின் அவசியம் பணத்தோடு முடிவதில்லை. தாங்குசுவரின் பின்னே மழைநீர் தேங்கினால் அது சுவரை வெளியே தள்ளும். 2 மீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ 2 டன் அழுத்தம் விழுகிறது. இதைத் தவிர்க்கவே சுவரில் நீர் வடியும் துளைகளும், பின்புறத்தில் உடைகல் அடுக்கும் வைக்கப்படுகின்றன. துளை வெளியே தெரியும். உடைகல் அடுக்கு தெரியாது. அது உண்மையில் இடப்பட்டதா என்பதைப் பின்னாளில் சொல்லக்கூடியது மண் போடுமுன் எடுத்த படம் ஒன்றே.

மலைச்சரிவின் நிலையை அறியவும் இன்று தகவல்கள் உள்ளன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2014-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் நிலச்சரிவு அபாய வரைபடங்களை 1:50,000 அளவில் தயாரித்தது. இவ்வரைபடத்தைப் படிப்பவர் அதன் அளவை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அதில் 1 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 500 மீட்டர். 10 சென்ட் மனை ஏறத்தாழ 20 மீட்டர்ப் பக்கமுள்ள சதுரம். வரைபடத்தில் அது 0.4 மில்லிமீட்டர், ஒரு பென்சில் புள்ளி. வரைபடம் வட்டாரத்தைப் பற்றி எச்சரிக்கும். மனையைப் பற்றி முடிவு சொல்லாது. அந்த மனையில் முன்பு ஓடை ஓடியதா, எங்கே நீர் கசிகிறது, எந்த மரம் சாய்ந்து நிற்கிறது என்பவற்றை அங்கேயே வாழும் முதியவர்களிடம் கேட்டறிந்து பதிவு செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அறிவு முழுமை பெறும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பலர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அது கட்டுபவரின் பிழையால் நேர்ந்ததன்று; கடும் மழையில் மேலிருந்த மலையே இறங்கி வந்தது. ஆனால் தொலைத் தொடர்பு அற்றுப்போனதால் செய்தி வெளியுலகை எட்டுவதற்கு மறுநாள் காலையாயிற்று என்பதை எவரும் மறத்தலாகாது. எந்தத் தகவல் முறை இணைப்பு இருக்கும்பொழுது மட்டும் இயங்குகிறதோ, அது மிகவும் தேவைப்படும் வேளையில் கைவிடும். ஆகவே மலைப்பகுதியில் வைக்கும் எந்தப் பதிவும் இணைப்பின்றியே எழுதக்கூடியதாகவும், பின்னர் அனுப்பக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். முக்கியமானவற்றிற்குக் காகித நகலும் தேவை. வானிலை இலாகா 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழையை ‘அதி கனமழை’ என வகுத்திருக்கிறது. அத்தகைய எச்சரிக்கை வந்த நாளில், வெட்டிய சரிவின் அடியில் ஆட்களை நிறுத்தாமலிருப்பதே அந்தத் தகவலின் பயன்.

அனுமதியும் கையொப்பமும்

கட்டட அனுமதியும் இன்று காகிதத்தை விட்டு நீங்கிவிட்டது. கேரளத்தின் ‘கே-ஸ்மார்ட்’ முறை 2024 ஜனவரி 1 அன்று நகரங்களிலும், 2025 ஏப்ரலில் கிராமப் பஞ்சாயத்துக்களிலும் நடைமுறைக்கு வந்தது. அபாயம் குறைந்த, 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட கட்டடங்களுக்குச் சுயசான்றின் பேரில் அனுமதி வழங்கும் வழியும் உண்டு. விரைவு அதிகரிக்கும்பொழுது பொறுப்பும் அதிகரிக்கிறது. முன்பு அதிகாரி நேரில் வந்து கண்ட பிழையை, இப்பொழுது சான்று தருபவரும் கட்டுபவருமே முதலில் காண வேண்டியிருக்கிறது.

பொதுப்பணித்துறையின் மதிப்பீடுகளுக்குத் தேசியத் தகவலியல் மையம் ‘பிரைஸ்’ என்னும் மென்பொருளை ஆக்கித் தந்திருக்கிறது. ஒப்பந்தப்புள்ளிகள் இணையவழியே கோரப்படுகின்றன. இவற்றில் பங்குபெற மின்கையொப்பம் தேவை. கணிப்பொறி தெரியாத ஒப்பந்தக்காரர் அந்த மின்கையொப்பச் சாதனத்தையும் அதன் கடவுச் சொல்லையும் பிறரிடம் கொடுத்துவிட்டுப் போவது, வெற்றுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். 2002-இல் மலப்புரத்தில் தொடங்கிக் கேரளமெங்கும் பரவிய அக்ஷயா மையங்களின் உதவியை நாடுவதில் தவறில்லை. அவ்வாறு நாடும்பொழுது உடனிருந்து, விலையைத் தாமே சரிபார்த்து, சாதனத்தைத் தாமே திரும்ப எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

சிறியதிலிருந்து பெரியது

கட்டடத் தொழில் கணிப்பொறிக்குப் புதியதன்று. வேலைகளின் வரிசையையும் கால அளவையும் கணிக்கும் ‘தீர்வு வழி முறை’ 1957-ஐ ஒட்டி அமெரிக்காவில் உருவானபொழுதே கணிப்பொறியின் துணையோடு உருவாயிற்று. ஆனால் அதன் அடிப்படை யந்திரத்தில் இல்லை. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று எழுதி வைப்பதில் இருக்கிறது.

கேரளத்திலேயே இதற்குத் தக்க சான்று ஒன்று உண்டு. 1925-இல் சமூகச் சீர்திருத்தவாதி வாக்படானந்தரின் வழிகாட்டுதலில் வடகரை அருகே 14 தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். ஊராளுங்கல் சங்கம் என வழங்கும் அது சாலைகளும் பாலங்களும் கட்டி வளர்ந்து, கோழிக்கோட்டில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா ஒன்றையே நிறுவியது. பெரிதான பின்னரே ஒழுங்கு வரும் என்று காத்திருப்பவர் இந்த வரலாற்றைச் சிந்தித்துப் பார்க்கலாம்.

ஆகவே ஒப்பந்தக்காரர் முதல் மூன்று மாதங்களுக்கு ஒரே அட்டவணையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தேதி, இடம், வேலை, அளவு, ஆட்கள், படத்தின் எண் ஆகிய ஆறு பத்திகள் போதும். தலைப்புகள் தமிழில் இருக்கட்டும். 1999-இல் ஏற்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகை கைப்பேசிகளிலும் கிடைக்கிறது. எழுதத் தயங்குபவர் பேசியே பதிவு செய்யலாம். இப்பழக்கம் நிலைத்த பின் பொருள் கணக்கையும், அதன் பின் மதிப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கியவர் பெரும்பாலும் ஒரே வாரத்தில் கைவிடுவர்.

களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் இதில் ஆற்றக்கூடிய பணி பெரிது. மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-இல் இயற்றப்பட்டு, நயா பைசா 1957 ஏப்ரல் 1 அன்று புழக்கத்திற்கு வந்தபொழுது, அதை ஊர்களுக்கு விளக்கிச் சொன்னவர்களுள் பள்ளி ஆசிரியர்களும் இருந்தனர். கொழிஞ்சாம்பாறையிலோ குமுளியிலோ உள்ள பள்ளியில் கன அளவுப் பாடம் நடத்தும் ஆசிரியர், அருகில் நடக்கும் அஸ்திவார வேலைக்கு மாணவரை அழைத்துச் சென்று, மேஸ்திரியின் அனுமதியோடு நாடா பிடித்து அளக்கச் செய்யலாம். அவ்வகுப்பில் பல பிள்ளைகளின் தந்தையர் கொத்தனார்களாகவும் தாய்மார் சித்தாள்களாகவும் இருப்பர். அன்று மாலை வீட்டில் தந்தையின் கைப்பேசியில் முதல் அட்டவணையை எழுதித் தருவது அந்தப் பிள்ளையாகவே இருக்கக்கூடும். மறுநாள் காலை அந்தக் குழியை மண் மூடிவிடும்; அளவு மட்டும் மூடப்படாமல் இருக்கும்.